‘எனக்கும் அப்படித்தான்’ – பிள்ளைகளின் மனச்சுமையும் தோழமையும்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நமது ஆலயத்தில் சமய வகுப்பு முடிந்து பிள்ளைகள் அன்னதானக் கூடத்திற்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காலணிகள் வைக்கும் இடத்திற்குப் பக்கத்துப் படியில் இரண்டு சிறுமிகள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்குப் பத்து வயது. மற்றவளுக்குப் பன்னிரண்டு இருக்கும். சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். பெரியவள் ஒன்றும் பேசாமல், அவளுடைய தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

35 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிய பழக்கம் எளிதில் போய்விடுமா? “இங்கே என்ன பேச்சு? போய்ச் சாப்பிடுங்கள்” என்று விரட்டுவதற்கு எனக்கு வாய் வந்துவிட்டது. அதற்குள் பெரியவள் சொன்ன ஒரு சொல் காதில் விழுந்தது.

“எங்க வீட்லயும் அப்படித்தான்டி. ராத்திரியில சத்தம் போட்டா நானும் தலகாணிய காதுமேல வச்சிக்கிட்டுதான் படுப்பேன்.”

நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த இருவரும் முகம் கழுவிக்கொண்டு சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள். சின்னவள் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கியதையும் பார்த்தேன்.

ஓர் ஆசிரியரோ பெற்றோரோ ஆலய நிர்வாகமோ செய்ய முடியாத ஒன்றை அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் சில நிமிடங்களில் செய்துவிட்டாள். அது எப்படி நடந்தது, நாம் அதற்கு எவ்வாறு துணை நிற்கலாம், எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பவற்றை இம்மலரைப் படிக்கும் பெற்றோர்களோடும் தொண்டர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பிள்ளை முதலில் யாரிடம் சொல்கிறது?

நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் நம்மிடம்தான் சொல்கிறார்கள் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். உண்மை வேறு. பத்து வயதைத் தாண்டிய பிள்ளை, மனத்தில் வலி வந்தால் பெரும்பாலும் தன் வயதுப் பிள்ளையிடம்தான் முதலில் வாய் திறக்கிறது. இது பெற்றோர்மீது பாசம் குறைந்ததால் அன்று. தாய் வருந்துவாள், தகப்பன் கோபப்படுவார், ஆசிரியர் விசாரணை வைப்பார் என்று பிள்ளைக்குத் தெரியும். தோழியிடம் சொன்னால் இவை எதுவும் நடக்காது. தண்டிக்கும் அதிகாரம் இல்லாதவரிடம் பேசுவது எளிது.

இன்னொரு காரணமும் உண்டு. சிறுபிள்ளைகள் வீட்டில் நடக்கும் கெடுதல்களுக்குத் தாமே காரணம் என்று எண்ணிக்கொள்வார்கள். ‘நான் கணக்கில் குறைவாக வாங்கியதால்தான் அப்பாவும் அம்மாவும் சண்டை போடுகிறார்கள்’, ‘நான் கேட்ட பையை வாங்கித் தந்ததால்தான் வீட்டில் காசில்லை’ என்றெல்லாம் நினைப்பார்கள். இந்த எண்ணத்தை அவர்கள் வெளியே சொல்வதில்லை. சொல்லாததால் அதைத் திருத்துவாரும் இல்லை. “உன்மேல் தவறில்லை” என்று பெரியவர்கள் நூறு முறை சொன்னாலும் பிள்ளை அதை ஆறுதல் வார்த்தையாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் இன்னொரு பிள்ளை, “எங்கள் வீட்டிலும் அப்படித்தான்” என்று சொல்லும்போது கணக்கே மாறிவிடுகிறது. ‘அவள் நன்றாகப் படிக்கிறவள், அவள் வீட்டிலும் சண்டை. அப்படியானால் இது என்னால் வந்ததில்லை’ என்று அந்தப் பிஞ்சு மனம் தானாகவே கண்டுகொள்கிறது.

ஆறுதல் சொன்ன பிள்ளைக்கும் இதில் பலன் உண்டு. அதுவரை வெட்கத்துக்குரியதாக ஒளித்து வைத்திருந்த தன் துன்பம் இன்னொருவரின் கண்ணீரைத் துடைக்கப் பயன்பட்டது என்பதை அது உணர்கிறது. கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் ஒரே நேரத்தில் பாரம் குறைவது இந்தத் தோழமையின் தனிச்சிறப்பு.

நான் செய்த தவறு

இதையெல்லாம் நான் பயிற்சிக் கல்லூரியில் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு மாணவனை இழந்துதான் கற்றுக்கொண்டேன்.

1994-ஆம் ஆண்டு நான் ஒரு தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு ஆசிரியை. வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். அவர்களில் நான்கு பையன்கள் மறு ஆண்டு பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தார்கள். தமிழ், சீனப்பள்ளிகளிலிருந்து செல்லும் மாணவர்களில் மலாய் மொழியில் போதிய தேர்ச்சி பெறாதவர்கள், முதலாம் படிவத்துக்குமுன் ஓராண்டு பயிலும் வகுப்பு அது. பதினான்கு பேர் இருந்த வகுப்பிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயிலும் பள்ளிக்குப் போனார்கள்.

அவர்களில் ஒருவன் நன்றாகப் பாடுவான்; கெட்டிக்காரன். ஜூன் மாதம் அவனுடைய தாயார் மரம் வெட்டிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். பையன் தினமும் வெள்ளைச் சட்டையும் பச்சைக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு மற்ற மூவரோடு பேருந்தில் போகிறான். ஆனால் பல நாள்கள் பள்ளிக்குள் நுழைவதே இல்லை என்று கடிதம் வந்திருக்கிறது. “நீங்க சொன்னா கேப்பான் டீச்சர்” என்று அழுதார்.

நான் பையனை வரவழைத்தேன். தாயாரின் முன்னிலையில் அரை மணி நேரம் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசினேன். அவர் படும் பாட்டைச் சொன்னேன். சோம்பல் கூடாது என்று கண்டித்தேன். அவன் தலைகுனிந்தபடி “சரிங்க டீச்சர்” என்றான். ‘ஏன் போகவில்லை?’ என்ற ஒரே ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவன் பள்ளியை விட்டே நின்று, ஒரு லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தைப்பூசத்தன்று கூட்டத்தில் என்னை அடையாளம் கண்டு வந்தான். கூடவே மனைவியும் இரண்டு பிள்ளைகளும். பழைய கதை பேசும்போது அவனே சொன்னான்: “வகுப்புல எழுந்து நின்னு மலாய்ப் புத்தகத்த வாசிக்கச் சொன்னாங்க டீச்சர். ஒரு வார்த்தைய தப்பா சொல்லிட்டேன். அதையே பேரா வச்சிக் கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு மட்டும்தான் வாசிக்கத் தெரியலன்னு நெனச்சேன்.”

அந்த நால்வரில் இன்னொருவரை அதன்பின் ஒரு திருமணத்தில் சந்தித்தேன். இன்று நல்ல வேலையில் இருப்பவர். “அவன் பள்ளிக்குள் வராதது உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் என் நெஞ்சைத் தைத்தது. “தெரியும் டீச்சர். எனக்கும் அந்த வகுப்புன்னா பயம்தான். என்னைய வாசிக்கச் சொல்லிடுவாங்களோன்னு காலையில வயித்த வலிக்கும். அவனுக்கும் அதே பயம்னு எனக்குத் தெரியாது. சும்மா ஊர் சுத்துறான்னு நெனச்சேன்.”

ஒரே பேருந்து. ஒரே இருக்கை. ஒரே பயம். இருவரும் ஆளுக்கொரு பக்கம் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ‘எனக்கும் அப்படித்தான்’ என்ற இரண்டு சொற்கள் அந்தப் பேருந்தில் பேசப்பட்டிருந்தால் ஒருவனுடைய படிப்பு நின்றிருக்காது என்று இன்றும் நம்புகிறேன். அதைப் பேசுவதற்கு அவர்களைப் பழக்காத குற்றம் ஆறாம் ஆண்டு ஆசிரியையான என்னுடையது. இலக்கணம் பழக்கினேன், வாய்பாடு பழக்கினேன், இதைப் பழக்கவில்லை.

இன்றைய பிள்ளைகளின் சுமை

அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. ஆனால் தமிழ்ப்பள்ளியின் சிறிய வகுப்பிலிருந்து மலாய்மொழி வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளையின் நடுக்கத்தை எந்தச் சுற்றறிக்கையாலும் நீக்க முடியாது. நமது தமிழ்ப்பள்ளிகளில் பல, 150 மாணவர்களுக்கும் குறைவானவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இதோடு புதிய சுமைகளும் சேர்ந்திருக்கின்றன. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, அவ்வாண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்திருந்த பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பக்கத்து மேசைப் பிள்ளையோடு சண்டை போட்டுச் சமாதானம் ஆகக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் அவர்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். பல வீடுகளில் தாய் தந்தையரின் வேலை போனதையும் தாத்தா பாட்டியின் மரணத்தையும் அந்த வயதிலேயே பார்த்தார்கள்.

2022-இல் சுகாதார அமைச்சு இடைநிலைப்பள்ளி மாணவர்களிடையே நடத்திய ஆய்வில், ஏறக்குறைய நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. நமது சமய வகுப்பின் ஒரு வரிசையில் எட்டுப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம்.

பூச்சரம் தொடுத்தபடி

அந்தப் படிக்கட்டுச் சம்பவத்துக்குப் பிறகு, சமய வகுப்பின் கடைசி அரை மணி நேரத்தைப் பெரிய பிள்ளைகளுக்கென ஒதுக்கும்படி செயலவையில் கேட்டேன். “அந்த நேரத்தில் இன்னொரு பதிகம் சொல்லிக்கொடுக்கலாமே” என்று ஒருவர் சொன்னார். நியாயமான கேள்விதான். சுந்தரமூர்த்தி நாயனாருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர். குண்டையூரில் கிடைத்த நெல்லை வீடு கொண்டு சேர்க்க ஆளில்லை என்ற குறையைக்கூட அவர் இறைவனிடம் தோழனிடம் சொல்வதுபோலச் சொன்னவர் என்று நினைவூட்டினேன். செயலவை இசைந்தது.

முதல் வாரம் வட்டமாக உட்கார வைத்து, “யாருக்கு என்ன கஷ்டம், சொல்லுங்கள்” என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, பெரியவர் கேட்கிறார் என்பதற்காக யார்தான் பேசுவார்கள்? இரண்டாம் வாரம் ஒரு கூடை சாமந்திப் பூவையும் நூலையும் நடுவில் வைத்தேன். மாலைப் பூசைக்குச் சரம் தொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். கைகள் வேலை செய்யத் தொடங்கியதும் வாய்கள் தாமாகத் திறந்தன. கண்கள் பூவில் இருக்கும்போது சொல்வதற்கு வெட்கம் குறைகிறது. இடையில் மௌனம் வந்தாலும் அது உறுத்துவதில்லை.

நாங்கள் வைத்திருக்கும் விதிகள் நான்கே. அவற்றையும் பிள்ளைகளே பேசி முடிவு செய்தார்கள்.

முதலாவது, யாரையும் பேசும்படி வற்புறுத்தக் கூடாது. பூ மட்டும் தொடுத்துவிட்டுப் போகலாம்.

இரண்டாவது, ஒருவர் பேசும்போது சிரிக்கக் கூடாது. குறுக்கே பேசவும் கூடாது.

மூன்றாவது, “நீ இப்படிச் செய்திருக்க வேண்டும்” என்று உடனே புத்தி சொல்லக் கூடாது. தனக்கும் அப்படி நேர்ந்திருந்தால் அதைச் சொல்லலாம். நேராவிட்டால், “சொன்னதற்கு நன்றி” என்றால் போதும்.

நான்காவது, இங்கே கேட்டது இங்கேயே இருக்கும். ஆபத்தான செய்தியைத் தவிர.

அப்பா குடித்துவிட்டு வருவது, முகநிறத்தைச் சொல்லி வகுப்பில் கேலி செய்வது, ஆஸ்துமா உள்ள பிள்ளை உள்ளிழுப்பு மருந்தை மறைத்து வைத்துக்கொள்வது, வேன் கட்டணம் கட்டாததால் கூனிக்குறுகி நிற்பது என்று அந்தப் பூக்கூடையைச் சுற்றி நான் கேட்டவை பல. பெரும்பாலானவற்றுக்கு எங்களிடம் தீர்வு கிடையாது. ஆனால் கேலிக்கு ஆளான பையனோடு இப்போது அதே பள்ளியில் படிக்கும் இரண்டு பேர் ஓய்வு நேரத்தில் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். அவன் கேட்டது அவ்வளவுதான்.

காக்கக் கூடாத இரகசியங்கள்

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். தோழமை மருந்தாகும், ஆனால் பிள்ளை மருத்துவர் ஆகிவிடாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் இன்னொரு பிள்ளையின் உயிரை ஏற்றி வைக்கலாகாது.

ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு மூன்று வகை இரகசியங்களைக் காக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஒருவர் அடித்துத் துன்புறுத்துவது அல்லது தவறான முறையில் தொடுவது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, உயிரை விடுவதாகப் பேசுவது. வீட்டை விட்டு ஓடிப்போகத் திட்டமிடுவது. இவற்றில் எதைக் கேட்டாலும், “என்னால் இதைத் தனியாகச் சுமக்க முடியாது. வா, இரண்டு பேரும் போய் ஒரு பெரியவரிடம் சொல்வோம்” என்று கூட்டிக்கொண்டு வர வேண்டும். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. கிணற்றில் விழுந்தவனைக் கண்டவன் கத்தத்தான் வேண்டும்.

கேட்ட பெரியவர்களுக்கும் கடமை உண்டு. 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, பிள்ளை வதைக்கப்படுவதாக நம்பக் காரணம் இருந்தால் குடும்ப உறுப்பினரும் மருத்துவரும் குழந்தைப் பராமரிப்பாளரும் சமூகநல அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். ‘குடும்ப மானம்’ என்று மூடி வைப்பது சட்டத்துக்கும் தர்மத்துக்கும் விரோதம். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டிய நிலை இப்போது இல்லை.

மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் ‘தாலியான் காசே’ தொலைபேசி எண் 15999. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் ‘பிஃப்ரெண்டர்ஸ்’ அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-76272929. இடைநிலைப்பள்ளிகளில் ஆலோசக ஆசிரியர்களும், அவர்களிடம் பயிற்சி பெற்ற ‘பெம்பிம்பிங் ராக்கான் செபாயா’ எனும் சக மாணவ வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். ஆலோசகர் அறைக்குப் போனால் ‘பைத்தியம்’ என்று பெயர் வரும் என அஞ்சும் பெற்றோர் நம்மிடையே இன்னும் உண்டு. பல்வலிக்குப் பல் மருத்துவரிடம் போவதில் என்ன வெட்கமோ, அவ்வளவுதான் இதிலும்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது

எங்கள் வட்டம் ஒருமுறை உடைந்தும் போனது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு சிறுமி சொன்ன வீட்டுச் செய்தி, உதவிக்கு நின்ற ஒரு பெரியவரின் வாய்வழியாக மடப்பள்ளிக்குப் போய், மாலைக்குள் அவளுடைய தாயாரின் காதை எட்டிவிட்டது. சிறுமி இரண்டு மாதம் வகுப்புக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாயார் கோபப்படவில்லை. “கோயில்ல சொன்னது கோயிலோட இருக்கும்னு எம்மக நெனச்சிட்டா டீச்சர்” என்றார். அந்த வார்த்தைக்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

பிள்ளைகள் இரகசியம் காத்தார்கள். காக்கத் தவறியவர்கள் நாம். பெரியவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதற்பாடம் இது. பிள்ளைகளின் தோழியை அழைத்து வைத்து, “என் மகள் உன்னிடம் என்ன சொன்னாள்?” என்று துருவிக் கேட்பதும் இதே வகைத் தவறுதான். கேட்க வேண்டுமானால் உங்கள் பிள்ளையிடமே கேளுங்கள். காரில் போகும்போதோ வெங்காயம் உரிக்கும்போதோ கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிட்டு, இன்னொரு நாள் கேளுங்கள்.

யாரிடம் சொல்வது என்று தெரிவு செய்யவும் பிள்ளைகளுக்கு நாம் கற்றுத்தர வேண்டும். வள்ளுவர் நட்பு என்ற அதிகாரத்தை அடுத்து உடனே நட்பாராய்தல் என்ற அதிகாரத்தை வைத்தது காரணமில்லாமல் அன்று. நம்முடைய சின்னச் சின்ன இரகசியத்தைக் காப்பவரிடமே பெரிய துன்பத்தைச் சொல்லலாம். கைப்பேசிக் குழுவில் எழுதுவதைவிட நேரில் சொல்வது பாதுகாப்பு. எழுத்து படமாகி ஒரே இரவில் பள்ளி முழுதும் போய்விடும். படிக்கட்டில் உட்கார்ந்து பேசிய பேச்சைப் படம் எடுக்க முடியாது.

முடிவாக ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆலயத்திலும் ஒரு கூடை பூ இருக்கிறது. கொஞ்சம் நூலும் அரை மணி நேரமும் இருக்கின்றன. பெரிய கட்டடமோ மானியமோ இதற்குத் தேவையில்லை. வாய் காக்கத் தெரிந்த ஒரு பெரியவர் மட்டும் தேவை.

படிக்கட்டில் அழுத அந்தச் சின்னவளின் வீட்டுச் சண்டை இன்னும் தீர்ந்துவிடவில்லை. பெற்றோர் இருவரும் இப்போது ஆலோசகரிடம் போய்வருகிறார்கள். அவள் மட்டும் ஒரு வாரமும் தவறாமல் வந்து, பூக்கூடையின் பக்கத்தில் முதல் ஆளாக உட்காருகிறாள். போன மாதம் புதிதாக ஒரு பையன் சேர்ந்தான். தொடுக்கத் தெரியாமல் நூலைச் சிக்கலாக்கிக்கொண்டு தலை குனிந்திருந்தான். அவள் அவனுடைய நூலை வாங்கிப் பிரித்துக்கொண்டே, “எனக்கும் மொதல்ல இப்படித்தான் ஆச்சு” என்றாள்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் அப்படி ஒரு தோழமை வாய்க்க எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவாராக.